நார்மன் ஹெஸ்லப் லீக்ஸைத் தைக்கவில்லை

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: நார்மன் ஹெஸ்லப் லீக்ஸைத் தைக்கவில்லை. இந்த ஒரே ஒரு வாக்கியத்தை நிரூபிக்க லண்டனில் எட்டு லட்சத்துச் சொச்சம் பவுண்டு செலவானது. அதை நான் இங்கே சும்மா எழுதிவிட்டுப் போவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஹாகர்ஸ்லி, நார்தம்பர்லாந்தில் ஒரு பழைய சுரங்க ஊர். சுரங்கத்தை மூடிய பிறகு ஆண்கள் கோபப்படுவதற்கென்று ஊரில் மிச்சமிருந்தது லீக்ஸ் ஒன்றுதான். வெங்காய இனத்தைச் சேர்ந்த இந்தத் தண்டை மற்ற ஊர்க்காரர்கள் நறுக்கிச் சூப்பில் போடுவார்கள். நாங்கள் அதைத் தொடைப் பருமனுக்கு வளர்த்து, குளிப்பாட்டி, கறுப்பு வெல்வெட் துணியில் படுக்கவைத்து, இரண்டு நடுவர்களைக் கொண்டு அளக்கவைப்போம். ஹாகர்ஸ்லி லீக்ஸ் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்தவன் நான். ஆகவே இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை, தெரிந்து ஆகப்போவதும் எதுவும் இல்லை.

நார்மனும் ஆல்பி டாட்ஸும் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரே ஷிப்ட். பிறகு சங்கத்தின் நிலத்தில் அடுத்தடுத்த பாத்தி. நார்மன் அதிகம் பேசமாட்டார். ஆல்பி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். சங்கத்தின் மாதச் செய்தித்தாளையும் ஆல்பிதான் நடத்தினார். ஒரே தாள், இரண்டு பக்கம், நாற்பத்துமூன்று பிரதி.

அந்த வருடம் செப்டம்பர் போட்டியில் முதல் பரிசு நார்மனுக்கு. பரிசு, துணி உலர்த்தும் எந்திரம். ஆல்பிக்குப் போட்டிக்கு முந்தைய நாள் ஒரு சோதனை: அவருடைய லீக்ஸின் மேலிலை கிழிந்துவிட்டது. மனிதர், செத்துப்போன மனைவியின் தையல் பெட்டியைத் தேடியெடுத்து, பச்சைப் பட்டு நூலால் அதைத் தைத்துக் கொண்டுவந்தார். நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். தகுதி நீக்கம். மண்டபமே சிரித்தது, ஆல்பியும் சிரித்தார். 'இலை ஊசி நூலால் தைக்கப்பட்டிருந்தது, வெட்கக்கேடு' என்று தன்னைப் பற்றித் தானே செய்தித்தாளில் எழுதவும் செய்தார்.

ஆனால் அட்டவணையைத் தட்டச்சு செய்யும்போது குறிப்புகளுக்கு நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டார். பெயர்கள் எல்லாம் அப்படியே நிற்க, எதிரே இருந்த குறிப்புகள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. ஏழாம் மேசை ஆல்பியின் வெட்கக்கேடு எட்டாம் மேசை நார்மனுக்குப் போனது. நார்மனின் முதல் பரிசு ஒன்பதாம் மேசைக்குப் போனது. அது பாதிரியாரின் மனைவி. அந்த அம்மாள் சும்மா எட்டிப்பார்க்க வந்து, மரியாதைக்கு ஒரு முள்ளங்கி வைத்திருந்தவர்.

தாளை அச்சடித்து வீடு வீடாகப் போட்டுவிட்டு, ஆல்பி மகளைப் பார்க்கக் கோர்பிக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் மட்டும் அந்த வாரம் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நார்மன் அதைக் காலை உணவின்போது படித்தார். முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். முப்பது வருடமாக அவர் பாத்தியில் ஒருவன் கை வைத்ததில்லை, அவரும் எவன் பாத்தியிலும் கை வைத்ததில்லை. கிளப்பில் இரண்டு பேர் அவரைப் பார்த்து ஊசியில் நூல் கோர்ப்பது போலச் சைகை காட்டினார்கள். கேலிதான். ஆனால் மனிதருக்கு உள்ளே நிஜமாகவே வலித்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் முன்னால் ஒரு பஸ் போனது. அதன் முதுகில் எழுதியிருந்தது: 'உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டார்களா? ஜெயித்தால் மட்டுமே கட்டணம்!'

அவர் மனைவி ஐவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு பென்னி குடுக்க வேணாமாம், ஐவி."

"அப்ப அந்த வக்கீல் எதை வெச்சு வயித்தக் கழுவுறான்?"

"அதெல்லாம் தோத்தவன் குடுத்துருவானாம்."

"தோக்கப்போறது யாரு?"

நார்மன் யோசித்தார். அதுவரை அவர் தோற்கப்போகிறவனை ஓர் ஆளாக நினைத்துப் பார்க்கவில்லை. "ஆல்பிதான்னு நெனக்கிறேன்."

"ஆல்பிகிட்ட என்ன இருக்கு? ஒரு வீடும் ஒரு பல்செட்டும்தான இருக்கு."

"எனக்குக் காசா வேணும்? 'நார்மன் தைக்கல'ன்னு அதே தாள்ல, அதே சைஸ் எழுத்துல போடணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

அவ்வளவுதான் அவர் கேட்டது. இதைக் கடைசிவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கில் வேறு யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாளே லண்டனிலிருந்து கிறிஸ்பின் லாட்டிமர் என்ற வக்கீல் முதல் வகுப்பில் வந்து இறங்கினார். கூட இரண்டு உதவியாளர்கள். ஒருவர் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் அந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ள. ஐவியின் சமையலறை மேசையில் கிறிஸ்பின் ஒரு சிறிய கடிகாரத்தை வைத்தார். லண்டன் வக்கீல்கள் கட்டணத்தை ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கிடுவார்கள்; ஒவ்வொரு ஆறுக்கும் அது 'டிங்' என்றது. ஐவி பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டியைக் கொடுத்து, "இன்னொரு டீ போடட்டுமா?" என்று கேட்டார். "போடுங்களேன்" என்று கிறிஸ்பின் சொல்லி முடிப்பதற்குள் டிங். நானும் சங்கத்தின் சார்பில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"மிஸ்டர் ஹெஸ்லப், ஒரு காலத்துல பணக்காரங்க மட்டும்தான் மானநஷ்ட வழக்குப் போட முடியும். ஏழைக்கு மானமே கெடையாதுன்னு இந்த நாடு நெனச்சுது. எங்களால அத சகிச்சுக்க முடியல. இன்னைக்கி உங்க மானத்துக்கும் ஒரு பிரபுவோட மானத்துக்கும் ஒரே ரேட்டு. மணிக்கு நானூறு பவுண்டு."

"அம்மாடி! அத நானா குடுக்கணும்?"

"சேச்சே. தோத்தா யாரும் குடுக்க வேணாம். ஜெயிச்சா எதிர்த்தரப்பு குடுக்கும். எண்ணூறா குடுக்கும்."

"நானூறுன்னீங்க?"

"அது கட்டணம். ஜெயிச்சா ரெட்டிப்பு. நாங்க ரிஸ்க் எடுக்குறோமில்ல."

"அப்ப ஜெயிக்கிறது சந்தேகம்தானா?"

"சந்தேகமா? தொண்ணூத்தெட்டு சதவீதம் நிச்சயம்."

நார்மன் சுரங்கத்தில் கணக்குப் பார்த்தவர் அல்ல. ஆனாலும் அவருக்கு எங்கோ இடித்தது. "அப்புறம் என்னங்க ரிஸ்க்கு?"

கிறிஸ்பின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சில பேரு கடுதாசி கெடச்ச அன்னைக்கே மன்னிப்புக் கேட்டுடுறாங்க, மிஸ்டர் ஹெஸ்லப். போன வருஷம் ஒருத்தரு போன்லயே கேட்டுட்டாரு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்க. அந்த மாசம் நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

ஒருவேளை தோற்றுவிட்டால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட ஒரு காப்பீடும் எடுத்தார்கள். அதற்குப் பிரீமியம் அறுபதாயிரம் பவுண்டு. அதையும் நார்மன் கட்ட வேண்டியதில்லை. ஜெயித்தால் ஆல்பி கட்டுவார், தோற்றால் யாரும் கட்ட வேண்டாம். ஒப்பந்தம் முப்பத்தொரு பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில், நார்மன் தானாக வழக்கைக் கைவிட்டால் அதுவரை ஆன செலவு முழுவதும் அவர் தலையில் என்று இருந்தது. ஐவி எதையும் படிக்காமல் நார்மனைக் கையெழுத்துப் போட விடமாட்டார். ஆனால் அவர் அப்போது உதவியாளர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் ஆல்பி கோர்பியிலிருந்து திரும்பினார். வக்கீல் நோட்டீஸ் வாசலில் கிடந்தது. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேராக நார்மன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"டேய் நார்மன், வரிசை மாறிப்போச்சுடா! தைச்சது நான்டா, ஊருக்கே தெரியும். கண்ணு தெரியாத கழுத நான். அடுத்த தாள்ல போட எழுதிட்டே வந்துட்டேன், பாரு."

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: 'நார்மன் லீக்ஸைத் தைக்கவில்லை. தைத்தது நான். வரிசை மாறிவிட்டது. மன்னிக்கவும். ஆல்பி.'

நார்மன் இரண்டு முறை படித்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காதது போல இருந்தேன். "மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்க வேண்டியதுதானடா" என்றார்.

"கோர்பில இருந்தேன்டா!"

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஐவி கெட்டிலைப் போட்டார். நார்மன் சந்தோஷமாகக் கிறிஸ்பினுக்குப் போன் செய்து, வழக்கு முடிந்துவிட்டது, ஆல்பி மன்னிப்புக் கேட்டுவிட்டான் என்றார். அந்தப் பக்கம் டிங் என்று கேட்டது.

"நேர்லயா வந்தாரு? என் அனுமதி இல்லாம மன்னிப்ப வாங்கிட்டீங்களா?"

"குடுத்தான், வாங்கிட்டேன்."

"மிஸ்டர் ஹெஸ்லப், அது பரிசோதிக்கப்படாத மன்னிப்பு. நாளைக்கு என்ன வேணா ஆகும். சரி, போகட்டும், ஏத்துக்கலாம். இதுவரைக்கும் ஆன முப்பத்தெட்டாயிரத்த யாரு குடுக்குறது? அவரா, நீங்களா?"

நார்மன் ரிசீவரைக் கையில் வைத்தபடியே திரும்பி ஆல்பியைப் பார்த்தார். ஆல்பி பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா?"

"முப்பத்தெட்டாயிரமாம்."

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "எட்டு நாள்லயா? நாம இருபத்திரண்டு வருஷம் பூமிக்கடியில வெட்டினமேடா!"

நிலைமை இதுதான். வழக்கை நிறுத்தினால் நார்மன் வீடு போகும். நடத்தி ஜெயித்தால் ஆல்பி வீடு போகும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னித்தாகிவிட்டது என்பது எந்தப் பக்கத்திலும் கணக்கில் வரவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது ஐவிதான். ஒப்பந்தத்தை முதல்முறையாக முழுதாகப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ தோத்துரு, நார்மன்."

"என்னது?"

"நீ தோத்தா உன் வக்கீலுக்கு ஒண்ணும் கெடையாது. ஆல்பி வக்கீலுக்குக் காப்பீட்டுக்காரன் குடுப்பான். உன் வீடும் போகாது, இவன் வீடும் போகாது. வழக்க நடத்தி முறையா தோத்துரு."

தோற்பதென்றால் நார்மன் லீக்ஸைத் தைத்தார் என்று ஆகவேண்டும். எந்தப் பெயருக்காக முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாரோ அந்தப் பெயரே போகும். பிறகு ஆல்பியின் டீக்குள் கிடந்த பிஸ்கட்டைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, "சரி, நான்தான் தைச்சேன்னு சொல்லிர்றேன்" என்றார்.

ஆல்பியும் ஜெயித்தால்தான் காசு என்கிற வக்கீல் ஒருவரைப் பிடித்தார். பெயர் ஹ்யூகோ பெல்லிங்கம். அவருக்கும் ரெட்டிப்புக் கட்டணம். ஏனென்றால் அவர் எடுப்பதும் ரிஸ்க். ஒரே வழக்கில் இரண்டு பேரும் நிச்சயமாக ஜெயிக்கப்போவதாகவும், இரண்டு பேருக்கும் பெரிய ஆபத்து இருப்பதாகவும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிறிஸ்பினும் ஹ்யூகோவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். எங்கள் ஊருக்கு ஒரே ரயிலில், எதிரெதிர் இருக்கையில் வருவார்கள். வழியில் பேசிக்கொண்டதற்குக் கட்டணத்தைத் தனித்தனியாகப் போட்டுக்கொள்வார்கள்.

பதினாறு மாதம் ஓடியது. சங்கத்தின் நாற்பத்துமூன்று பிரதிகளைத் தேடி எடுக்க ஒரு குழு வந்தது. பதினொன்று கிடைத்தது. மற்றவற்றில் அடுப்பு மூட்டியாகிவிட்டது என்று தெரிந்ததும், அடுப்பு மூட்டியவர் மூட்டுவதற்கு முன் படித்தாரா என்று ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். நார்மனின் லீக்ஸைச் சான்றுப் பொருளாக ஒரு குளிர்சாதன அறையில் வாடகைக்கு வைத்தார்கள். அதன் வாடகை என் வீட்டு வாடகையைவிட அதிகம். நாட்டின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் செய்தி போட்டன. முன்பு நாற்பத்துமூன்று பேர் படித்ததை இப்போது நாற்பது லட்சம் பேர் படித்தார்கள். இதனால் நார்மனின் மானத்துக்கு ஏற்பட்ட கூடுதல் நஷ்டத்தையும் ஆல்பியின் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று கிறிஸ்பின் மனுப் போட்டார்.

லண்டன் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கிய அன்று காலை, நார்மனும் ஆல்பியும் வராந்தா பெஞ்சில் அருகருகே உட்கார்ந்து ஐவி கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். வாதியும் பிரதிவாதியும் இப்படிச் சேர்ந்து உட்காரக்கூடாது என்று ஒரு சேவகர் வந்து பிரித்தார். பாதி ரொட்டி நார்மனிடம், ஊறுகாய் ஆல்பியிடம் போனது.

நார்மன் கூண்டில் ஏறினார். பைபிளைத் தொட்டார். கிறிஸ்பின் அமர்த்தியிருந்த பெரிய வக்கீல் கனிவாகக் கேட்டார்: "மிஸ்டர் ஹெஸ்லப், நீங்க அந்த லீக்ஸத் தைச்சீங்களா?"

"தைச்சேன்" என்றார் நார்மன்.

கடைசி வரிசையில் ஐவி கண்ணை மூடிக்கொண்டார். சொன்ன மனிதரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. நாற்பது லட்சம் பேர் முன்னால் ஒரு லீக்ஸ்காரன் அதைச் சொல்வது என்ன என்பது லீக்ஸ் வளர்க்காதவர்களுக்குப் புரியாது.

பெரிய வக்கீல் சளைக்கவில்லை. தையற்கலை நிபுணர் என்று ஓர் அம்மையாரை வரவழைத்திருந்தார்கள். அறுபது பக்க அறிக்கை எழுதியவர். அவருடைய கைப்பையிலிருந்து ஊசியும் பச்சை நூலும் வந்தன. நீதிபதி, "கோர்த்துக் காட்டுங்க, மிஸ்டர் ஹெஸ்லப்" என்றார்.

நார்மனின் வலது கையில் இரண்டு விரல் நுனி சுரங்கத்திலேயே தங்கிவிட்டவை. அவர் நூலை நாக்கில் நனைத்தார். ஊசியை வெளிச்சத்தில் பிடித்தார். தவறவிட்டார். குனிந்து தேடினார். மறுபடி பிடித்தார். அந்த மனிதர் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்ள அவ்வளவு பாடுபட்டார். பதினொரு நிமிடம். இரண்டு தரப்பும் அதை ஆறு நிமிடக் கணக்கில் இரண்டாகப் போட்டுக்கொண்டன. கடைசியில் நீதிபதி, "போதும். சாட்சியின் தன்னடக்கம் பாராட்டத்தக்கது" என்றார்.

ஆனாலும் ஆல்பி ஒரு வார்த்தை சொன்னால் நார்மன் தோற்றுவிடலாம். அவருடைய வக்கீல் எழுந்து கேட்டார்: "மிஸ்டர் டாட்ஸ், நீங்க எழுதினது உண்மைதான? ஹெஸ்லப்தான தைச்சாரு?"

ஆல்பி, அடுத்தவருக்கும் சேர்த்துப் பேசும் ஆல்பி, பேசவில்லை. நார்மன் கீழே இருந்து தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினார். ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு.

"முடியாதுங்கய்யா" என்றார் ஆல்பி. "நானும் வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்தேன். வாயில வரமாட்டேங்குது. அவன் தைக்கல. முப்பது வருஷம் பக்கத்துப் பாத்தில இருந்து பாத்திருக்கேன், அவன் ஒரு இலையக்கூட ஏமாத்தினதில்ல. தைச்சது நான்தான்."

"டேய் மடையா!" நார்மன் எழுந்து கத்தினார். "உன் வீடுடா! உன் வீடு!"

சேவகர் அவரை உட்கார வைத்தார்.

நார்மன் ஜெயித்தார். தீர்ப்பை நீதிபதி இரண்டு மணி நேரம் படித்தார். இந்த நாட்டில் சாமானியனுக்கும் நீதியின் கதவு திறந்தே இருக்கிறது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி என்றார். எட்டாம் நாளே மன்னிப்புக் கேட்கப்பட்டுவிட்டதால் நஷ்டஈடு ஒரு பவுண்டு. வழக்குச் செலவு, ரெட்டிப்பும் பிரீமியமும் சேர்த்து, எட்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். வெளியே வந்து கிறிஸ்பின் நார்மனின் தோளைத் தட்டினார். "வாழ்த்துக்கள். உங்களுக்கு ஒரு பென்னி செலவில்ல பாத்தீங்களா?"

ஆல்பியின் வீடு போனது. செய்தித்தாளை வெளியிட்டது சங்கம் என்பதால் சங்கத்தின் நிலமும் போனது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். நார்மனின் பாத்தி இருந்த இடம் மாற்றுத்திறனாளிகளுக்கானது. இவ்வளவையும் விற்றும் மொத்தத்தில் பாதிகூடத் தேறவில்லை. கிறிஸ்பின் அதற்காக வருந்தி எனக்கு ஒரு கடிதம் எழுதினார். ரிஸ்க் என்று தான் சொன்னது இதைத்தான் என்று குறிப்பிட்டிருந்தார்.

நீதிமன்றம் மன்னிப்பை வெளியிடச் சொல்லியிருந்தது. வெளியிடச் செய்தித்தாள் இல்லை. ஆகவே இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒப்புக்கொண்ட நான்கு பக்க மன்னிப்பைக் கிளப் கதவில் ஒட்டினோம். 'திருவாளர் நார்மன் ஹெஸ்லப் தமது லீக்ஸை ஊசி நூலால் தைத்தார் என்று வெளியான செய்தி தொடர்பாக' என்று அது தொடங்கும். 'தைக்கவில்லை' என்ற சொல் மூன்றாம் பக்கத்தில் வரும். மூன்றாம் பக்கம்வரை படித்தவன் நான் ஒருவன்தான்.

ஆல்பி மகளோடு இருக்கப் போய்விட்டார். பஸ் ஏற்றிவிட நார்மனும் நானும் போயிருந்தோம். பஸ் நகர்ந்தபோது ஆல்பி ஜன்னல் வழியாக ஊசியில் நூல் கோர்ப்பது போலச் சைகை காட்டினார். நார்மன் சிரிக்க முயன்றார்.

போன வாரம் வக்கீல் அலுவலகத்திலிருந்து நார்மனுக்கு ஒரு படிவம் வந்தது, வாடிக்கையாளர் திருப்தி பற்றி. அவருக்கு எழுதுவது கஷ்டம் என்பதால் என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஆல்பியின் அந்தப் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. நான் கேள்விகளைப் படித்தேன். சேவை வேகமாக இருந்ததா? ஆமாம். கட்டணம் உங்களுக்குத் தெளிவாக விளக்கப்பட்டதா? ஆமாம். முடிவில் உங்களுக்குத் திருப்தியா? அதை விட்டுவிடச் சொன்னார்.

"கடைசிக் கேள்வி" என்றேன். "எங்களை உங்கள் நண்பர் ஒருவருக்குப் பரிந்துரை செய்வீர்களா?"

நார்மன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தன்தான் இருந்தான், அவனுக்கு ஏற்கனவே இவங்களத் தெரியும்னு எழுது" என்றார்.